குழாயடிக்குக் கேட்காத அறிவித்தல்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. இந்த நேரத்தைப் பிறகு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் எழும்பும் முன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து ஒரு துண்டுத்தாளை வாசித்தார். பொதுக் கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கிவிட்டது, அதிலிருந்து நிரப்பும் தாங்கித் தண்ணீரை மறு அறிவித்தல் வரை குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். அவ்வளவுதான். அரை நிமிடம் பிடித்திருக்கும்.

அதே பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு என் மகள் அந்தத் தாங்கியின் குழாயடியில் நின்று கேன் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. நான் பின்னால் வாளியோடு நின்றேன். கேன் நிரம்பியதும் அவள் கையைக் குழிவாகப் பிடித்து, குழாயிலிருந்தே குடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சட்டை நனைகிறது என்று மட்டும் ஏசினேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தண்ணீருக்குப் போவது ஜும்ஆ நேரத்தில்தான். மற்ற நாட்களில் அவசரத்துக்கு ஒரு வாளி பிடிப்போம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ஒழுங்கையில் ஒரு ஆண் தலை தெரியாது. தேநீர்க்கடை வாங்கில் குந்தியிருக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் கேன், வாளி, சட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு போய், முக்காடு நழுவினாலும் கவலைப்படாமல், வாய்விட்டுச் சிரித்துக் கதைத்து, சனி ஞாயிறுக்கும் சேர்த்துப் பிடித்துவருவோம். யாரும் வைத்த சட்டம் இல்லை. ஆனால் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் துண்டுத்தாளை எழுதியவருக்குத் தெரியும். வாசித்தவருக்குத் தெரியும். அவர்களுடைய மனைவிமாரும் அங்கேதான் நின்றார்கள்.

பள்ளிவாசலின் வெளி ஒலிபெருக்கி சில வருடங்களாகத் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு மட்டும்தான். குத்பாப் பிரசங்கமும் அறிவித்தல்களும் உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும். குழாயடிக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் நூறு யார் தூரம் இருக்காது. அந்த நூறு யாரைத்தான் ஒரு வாரமாக நான் மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

நான் எங்கே வேலை செய்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினரின் அலுவலகத்தில். உயர்தரம் படித்தவள், தட்டச்சு தெரியும், கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார் என்பதால் பகலில் வேலைக்குப் போக முடிந்தது. அங்கே என் வேலை, வாரா வாரம் வட்டாரச் செய்தித்தாள் தயாரிப்பது. இரண்டு பக்கம், போட்டோப்பிரதி. யாருடைய ஜனாஸா எப்போது அடக்கம், எந்தப் பிள்ளை புலமைப்பரிசில் எடுத்தது, எந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடுகிறார்கள், உறுப்பினர் எங்கே எதைத் திறந்துவைத்தார். வியாழன் பின்னேரம் கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் போகும், முகநூலிலும் போடுவார்கள். தாளின் அடியில் ஒவ்வொரு வாரமும் ஒரே வரி இருக்கும்: "அவசர அறிவித்தல்கள் ஜும்ஆவின் பின் பள்ளிவாசலில் தெரிவிக்கப்படும்."

அந்த வரியை எழுதியவள் நான். இரண்டு வருடமாக ஒவ்வொரு வியாழனும் அதைப் போன வாரத் தாளிலிருந்து வெட்டி இந்த வாரத் தாளில் ஒட்டினேன். நான் ஜும்ஆவுக்குப் போவதில்லை என்பது ஒரு வியாழனாவது எனக்கு உறைக்கவில்லை. என் வீட்டில் ஜும்ஆவுக்குப் போக யாருமில்லை என்பதும் உறைக்கவில்லை. மற்றவர்கள் மேல் எனக்கிருக்கும் கோபத்தை எழுத முன் இதை எழுதிவைக்கிறேன்.

தாங்கியைத் திறந்துவைத்த செய்தியையும் நானேதான் எழுதினேன். "சுத்தமான குடிநீர்" என்று தடித்த எழுத்தில் தலைப்புப் போட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் தண்ணீர் கொதிக்கவைப்பதை விட்டுவிட்டேன். காஸ் மிச்சம் என்று நினைத்தேன். நான் எழுதியதை நானே நம்பினேன்.

அந்த வாரம் ஐந்து நாள் விடாத மழை. உப்பளப் பக்கத்துத் தண்ணீரும் ஒழுங்கைத் தண்ணீரும் ஒன்றாகி, மலசலகூடக் குழிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் அலுவலகத்திலிருந்து வெளிக்கிட்டோம். வெள்ளிக்கிழமையில் பெண்கள் அந்த நேரத்துக்குப் போய்விடுவோம். கால்மணித்தியாலம் கழித்துச் சுகாதாரப் பரிசோதகர் நனைந்துகொண்டு வந்திருக்கிறார். கிணற்றைப் பார்த்துவிட்டு, இப்போதே குழாயைப் பூட்டுங்கள் என்று உறுப்பினரின் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். குழாய்ப்பூட்டின் சாவி வைத்திருந்தவர் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டிருந்தார். செயலாளருக்கும் நேரம் போய்விட்டது. ஜும்ஆவில் அறிவித்துவிடுவோம், பூட்டுவதைப் பிறகு பார்ப்போம் என்று துண்டுத்தாள் எழுதிக் கொடுத்தார். அறிவித்தாயிற்று. அறிவித்த பிறகு பூட்டுவது யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை. குழாய் பூட்டப்பட்டது திங்கட்கிழமை.

செயலாளரின் போனில் என் இலக்கம் இருக்கிறது. ஜனாஸா அறிவித்தலில் ஒரு எழுத்து விட்டுப்போனால் நான் தொழுகை விரிப்பிலிருந்து எழும்பிப் போனை எடுக்கும்வரை விடாமல் அடிப்பார்.

வெள்ளியும் சனியும் மகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். பள்ளிக்கூடப் போத்தலில் நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் குடிக்கிறது அவள் பழக்கம். நான் தேநீர் மட்டும் குடிக்கிறவள், அதனால் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஞாயிறு விடியச் சத்தி எடுத்தாள். மத்ரஸாவில் கொடுத்த வட்டிலப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அந்த ஓமத்தையும் எந்தத் தண்ணீரில் அவித்தேன் என்று எத்தனை தரம் யோசித்துவிட்டேன். அவித்த தண்ணீர்தான், பயமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் யோசிக்கிறேன். ஒன்பது மணிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பதினொரு மணிக்கு அதில் இரத்தம் இருந்தது.

ஆட்டோ பிடிக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனைக்கு ஓடும்போதுதான் எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள்.

"என்ன ராத்தா, புள்ளைக்கு என்ன?"

வயிற்றால் போகிறது என்றேன்.

"அந்தத் தண்ணியக் குடுத்தீங்களா? வாணாமுண்டு ஜும்மாவுல சொன்னாங்களே. எங்கட ஊட்டுக்காரர் வந்து சொன்னதும் நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஆபீஸ்ல ஈக்கிற ஆள். ஒங்களுக்குத் தெரியாம ஈக்குமா?"

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கேட்டது நியாயம். வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டாருக்கு எடுத்தபோது என் கணவரும் அதையே சொன்னார். வட்டாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழுமம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு குடும்பத்தலைவர் என்று சேர்த்திருக்கிறார்கள், எங்கள் வீட்டுக்கு அவருடைய இலக்கம். வெள்ளி பின்னேரமே செய்தி அவருக்குப் போய்விட்டது. லொறியை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். இதை எழுதினதே நீதானே என்று நினைத்து விட்டுவிட்டாராம். அவர் அழுதார். நான் அழவில்லை. கடல் தாண்டிப் பாலைவனத்தில் இருக்கிற மனிதனுக்கு என் குழாய்த் தண்ணீர் கெட்டது தெரிந்திருக்கிறது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கு வேறு ஏதோ வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் உடனே சேலைன் ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்கள டொக்டர், தமிழ் கொஞ்சம் தெரியும், பெண்பிள்ளை, என் மகளைவிடப் பதினைந்து பதினாறு வயது கூட இருக்கும். ஞாயிறு பின்னேரம் நல்லாகிவிடும் என்றார். திங்கள் காலையில் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சிறுநீர் போகவில்லை. எத்தனை போத்தல் ஏற்றியும் போகவில்லை. முகம் ஊதிவிட்டது. கட்டிலின் பக்கத்தில் வந்து குனிந்து, சிறுநீரகம் வேலைசெய்யாமல் நிற்கிறது, நாளைக் காலைவரை பார்ப்போம், போகாவிட்டால் கொழும்புக்கு அனுப்பி இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போடவேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

கட்டிலுக்குக் கீழே ஒரு நீலப் பிளாஸ்ரிக் சட்டி இருந்தது. அவளுக்கு வருகிற மாதிரி இருந்தால் பிடிக்க. திங்கட்கிழமை முழுதும் நான் அந்தச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காய்ந்தே கிடந்தது.

பத்து மணிக்கு உறுப்பினருக்கு எடுத்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் வாரா வாரம் அதை எழுதியவள்தான். குழந்தை எப்படி என்று கேட்டார், அல்லாஹ் லேசாக்குவான் என்றார். பிறகு சொன்னார்:

"ஜும்மாவுல தெளிவாச் சொன்னமே தங்கச்சி."

எனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் சொன்னது."

எல்லோருக்கும் என்றால் யார் யார் என்று கேட்டேன். அந்த நேரம் குழாயடியில் யார் நின்றது என்று கேட்டேன். "நீங்க இப்ப மனவேதனையில ஈக்கிறீங்க, பொறகு கதைப்போம்" என்றார். மனவேதனை என்ற சொல்லை அவர் எனக்குக் கற்றுத்தந்துவிட்டு போனை வைத்தார்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து படகில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது எனக்கு என் மகளைவிட இரண்டு வயதுதான் கூட. ஓலைக்கொட்டில் முகாமில் தண்ணீர்ப் பவுசர் எப்போது வரும் என்று கதிரை போட்டு இருந்த ஆண்களுக்குத்தான் தெரியும். வாளியோடு வெயிலில் நின்றது உம்மாவும் நானும். அவர்கள் காலையிலேயே தெரிந்துவைத்திருப்பார்கள், இன்றைக்கு வராது என்று. யாரும் வந்து எங்களிடம் சொல்வதில்லை. நாங்கள் பின்னேரம்வரை நிற்போம். யுத்தம் முடிந்து, பாதிப்பேர் ஊருக்குத் திரும்பி, அதில் பாதி மறுபடி இங்கேயே வந்து, ஓலை சீமெந்தாகி, பவுசர் தாங்கியாகி, நான் படித்து ஒரு அலுவலகத்தில் மேசை கதிரையும் கிடைத்து, இந்த ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு நானே தட்டச்சும் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பகல் பார்வையாளர் நேரத்தில் செயலாளர் வந்தார். பையில் அப்பிளும் திராட்சையும். வாயால் தண்ணீர்கூட இறங்காத பிள்ளைக்கு. கட்டிலைச் சுற்றிவந்து நின்று, சேலைன் போத்தலைப் பார்த்து, பிறகு போனை எடுத்துத் துடைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தாளில் ஒரு பகுதி உண்டு. நலம் விசாரித்த செய்திகள். "உறுப்பினரின் சார்பில் நேரில் சென்று நலம் விசாரிக்கப்பட்டது" என்று படத்துக்குக் கீழே போடுவோம். எத்தனை பேரின் கட்டிலடிக்கு அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

"ஒரு போட்டோ மட்டும், மிஸ். முகம் விழாம எடுக்கிறேன்."

"புள்ளைக்கு மூத்திரம் போகேல்ல. அந்தா கட்டிலுக்குக் கீழ சட்டி இருக்கு. அத எடுங்க" என்றேன்.

பக்கத்துக் கட்டில் சிங்களத் தாய் தமிழ் தெரியாமலேயே திரும்பிப் பார்த்தாள். செயலாளர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். குழாயைப் பூட்டியாயிற்றா என்று கேட்டேன். இன்று காலையில் பூட்டியாயிற்று என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பழத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். எடுத்துக்கொண்டுதான் போனார்.

செவ்வாய் காலை ஆறு பத்துக்கு மகள் என் கையைச் சுரண்டி, "உம்மா, வருது" என்றாள். தாதியைக் கூப்பிடவும் நான் நிற்கவில்லை. சட்டியை நானே பிடித்தேன். ஒரு கோப்பை அளவு, தேநீர்ச் சாயம்போல. அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்ட்டின் நடுவில் நின்றேன். டொக்டர் வந்து பார்த்துவிட்டு என் தோளில் கைவைத்தார். அப்போதுதான் அழுதேன்.

புதன் பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். இன்னும் ஆறு மாதம் மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று, அவள் குசினிக்குள் போய்ப் போத்தல் மூடியைத் திருகும் சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பறித்தேன். அவள் பயந்துபோனாள். கடையில் வாங்கிய போத்தல் அது. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் ஓடுகிறேன்.

வியாழக்கிழமைத் தாளுக்கு விடயங்களைச் செயலாளர் போனில் அனுப்பியிருந்தார், வீட்டிலிருந்தே அடித்துத் தரும்படி. முதல் விடயம்: "உறுப்பினரின் துரித நடவடிக்கையினால் பொதுத் தாங்கி வெற்றிகரமாகச் சுத்திகரிக்கப்பட்டது." மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு அதை விட்டுவிட்டு வேறொன்று அடித்தேன்.

"சென்ற வெள்ளிக்கிழமை பகல் 12.55க்குத் தாங்கித் தண்ணீர் பற்றிப் பள்ளிவாசலில் அறிவிக்கப்பட்டது. அந்நேரம் குழாயடியில் பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். எமக்கு எவரும் அறிவிக்கவில்லை. குழாய் திங்கட்கிழமை வரை பூட்டப்படவில்லை. ஒரு பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது."

அடியில் இருக்கும் அந்த நிரந்தர வரியை எடுத்துவிட்டேன். இடம் வெறுமையாக இருந்தது. அப்படியே விட்டேன். வழக்கம்போல ஒரு பிரதி அச்செடுத்து உறுப்பினரின் பார்வைக்கு அனுப்பினேன். எதையும் அவர் வீட்டில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசித்துத்தான் கையெழுத்து வைப்பார்.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. ஒரு நாள் பிந்தி. வேறு யாரோ அடித்திருந்தார்கள், எழுத்துப்பிழை நிறைய. துரித நடவடிக்கை முதல் பக்கத்தில் இருந்தது. அடியில் என் பழைய வரியும் இருந்தது, பழைய தாளிலிருந்து வெட்டி ஒட்டி. எதிர்வீட்டுப் பெண் கொண்டுவந்து காட்டினாள். இனி வேலைக்கு வரமாட்டேன் என்று செயலாளருக்கு அனுப்பினேன். பெருவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

சனிக்கிழமை பத்து மணியிருக்கும். மகளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. யாராவது வருவார்கள் என்று அந்த வாரம் முழுதும் எதிர்பார்த்தேன், சண்டைபிடிக்க வார்த்தைகளையும் சேர்த்துவைத்திருந்தேன். உறுப்பினருக்கு, செயலாளருக்கு, சாவிக்காரருக்கு, வாசித்தவருக்கு. அவர்களில் ஒருவரும் வரவில்லை. இறங்கியது உறுப்பினரின் மனைவி. என்னைவிட இளையவள், திறப்புவிழாக்களில் பெண்கள் பக்கத்து முதல் கதிரையில் இருப்பாள், ஸலாம் சொன்னதைத் தவிர நாங்கள் கதைத்ததில்லை. அந்த வெள்ளி அவள் குழாயடியில் நிற்கவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தாங்கியிலிருந்து தனிக் குழாய் போகிறது.

கதிரை காட்டினேன். அவள் இருக்கவில்லை. மகளின் பக்கத்தில் நிலத்தில் குந்தி, வீங்கி வடிந்திருந்த அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். சேலைன் ஊசி குத்திய இடம் இன்னும் கறுத்திருந்தது. பிறகு கைப்பையைத் திறந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தாள். நான் அனுப்பிய பிரதி. நான் எழுதியதன் மேல் சிவப்புப் பேனையால் குறுக்கே இரண்டு கோடு. சாப்பாட்டு மேசையில் கிடந்ததாம். நேற்று மேசை துடைக்கும்போதுதான் வாசித்தாளாம்.

என் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், மகளின் கையைப் பிடித்தபடியே சொன்னாள்.

"எனக்கும் சொல்லல்ல ராத்தா. அவரு ஜும்மா முடிஞ்சு வந்து, சோறு திண்டு, படுத்து எழும்பினாரு. எங்கட மாமிக்கு, அவர்ட உம்மாவுக்கு, மூணு நாளா வயித்தால போச்சு, சாப்பாடு புடிக்கல்லயாக்குமுண்டு இருந்தோம். நேத்து இதப் பாத்துட்டுத்தான் கேட்டேன். ஆபீஸ் விஷயம், ஊட்டுல சொல்ல மறந்துட்டேனுண்டு சொல்றாரு. அண்டைக்கு எழும்பினதும் டீ கேட்டாரு. அந்தத் தண்ணியிலதான் ஊத்திக் குடுத்தேன். நல்லா ஈக்குதுண்டு இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடிச்சாரு."